குறிப்பிட்ட எழுத்து உள்ள சொல்லைத் தேடிப் பிடிப்பது எப்படி? தமிழ்ச் சொல் விளையாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலச் சொல் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கையில் இருக்கும் எழுத்துகளை இணையத்தில் தட்டினால் போதும், அவை இடம்பெறும் சொற்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். தமிழில் குறுக்கெழுத்தோ, கட்டச் சொல்லோ, கலைந்த எழுத்துகளோ ஆடுகிறவர்களுக்கு அவ்வளவு தேர்ந்த கருவிகள் கிடைப்பதில்லை. ஆனால் நமக்கு வேறொரு பெரிய துணை இருக்கிறது. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும், எது முதலில் வராது, எது கடைசியில் நிற்காது என்பதையெல்லாம் தமிழ் இலக்கணம் முன்பே வகுத்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் கியூ என்ற எழுத்தை அடுத்து அநேகமாக யூ வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட உறுதியான விதிகள் தமிழில் பத்துப் பதினைந்தாவது தேறும். பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன அதே விதிகள்தாம் அவை.

தருமபுரியில் மாலை நேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல் விளையாட்டு நடத்துகிறேன். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிப் படிக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களில் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ்ச் சொற்கள் அவர்களிடம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் விதி தெரிந்துவிட்டால், தமிழே பேசி வளர்ந்த பிள்ளைக்குச் சமமாக ஆடுகிறார்கள். அதனால்தான் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், வடிகட்டும் முறையை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் எழுத்தை எண்ணுங்கள்

இது எளிது, ஆனாலும் பலர் தடுமாறும் இடம் இதுதான். புள்ளி வைத்த மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. உயிர்மெய் எவ்வளவு நீளமாகத் தெரிந்தாலும் ஒரே கட்டம்தான். தகடூர் நான்கு கட்டம்: த, க, டூ, ர். ஒகேனக்கல் ஆறு கட்டம்: ஒ, கே, ன, க், க, ல். கௌதாரி மூன்றே கட்டம். கௌ என்பதில் ள போலத் தெரிவதைத் தனி எழுத்தாக எண்ணிவிடக் கூடாது.

எழுத்துக்கூட்டலில் இரு வழக்கு இருக்கும் சொற்களில் கவனம் வேண்டும். தருமபுரி என்று எழுதினாலும் தர்மபுரி என்று எழுதினாலும் ஐந்து கட்டம்தான், ஆனால் இரண்டாம் கட்டம் மாறிவிடும். கிருஷ்ணகிரி ஆறு கட்டம், கிருட்டிணகிரி என்றால் ஏழு. புதிர் அமைத்தவர் எந்த வழக்கைப் பின்பற்றுகிறார் என்பதை அவருடைய மற்ற சொற்களைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ வரும் சொற்களை ஏற்பதா, வேண்டாமா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நடுவில் அந்த வாக்குவாதம் எழுந்தால் ஆட்டம் கெட்டுப்போகும்.

கட்டங்களைத் தாளில் வரைந்துகொண்டு, அதன் கீழே இடம் தெரிந்த எழுத்து, இடம் தெரியாமல் உள்ளே இருக்கிறது என்று மட்டும் தெரிந்த எழுத்து, நிச்சயம் இல்லாத எழுத்து என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நாங்கள் ஆடும்போது இன்னொரு குறியும் வைத்துக்கொள்கிறோம். மெய் சரி, உயிர் தவறு என்றால் எழுத்தின் அடியில் ஒரு கோடு. தி என்று ஊகித்த இடத்தில் உண்மையில் து இருந்தால் அது முழுத் தவறு அல்ல, பாதி விடை. தமிழ் எழுத்து இரண்டு பாகங்களால் ஆனது என்பதால் தேடலையும் இரண்டு பாகமாகச் செய்யலாம்.

முதல் கட்டம்

தமிழில் எழுத்துகள் 247. அவற்றில் சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை 103 என்று நன்னூல் கணக்கு. 12 உயிரும் வரும். க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறும் 12 உயிரோடும் சேர்ந்து வரும். வகரம் எட்டு உயிர்களோடு மட்டும் வரும். வு, வூ, வொ, வோ ஆகிய நான்கும் முதலில் வருவதில்லை. யகரம் ஆறு, ஞகரம் நான்கு. ஙகரம் ஒன்றே ஒன்று, அதுவும் அங்ஙனம், இங்ஙனம் போன்ற சொற்களை வைத்துச் சொன்னது. விளையாட்டில் அதை மறந்துவிடலாம்.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் எந்த உயிரோடும் சேர்ந்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. கலைந்த எழுத்துகளைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக இந்த எட்டின் வரிசையில் இருப்பவற்றையும் புள்ளி எழுத்துகளையும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அதில் ஒன்றுதான் தொடக்கம். ரயில், லட்டு, டிக்கெட், ராயக்கோட்டை போன்றவை பிற மொழிகளிலிருந்து வந்தவை, விதிக்கு வெளியே நிற்பவை. அவற்றைக் கடைசியில் யோசித்தால் போதும்.

இதே விதியை மறுபக்கமாகவும் பயன்படுத்தலாம். தனி உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டும்தான் வரும். கையில் உள்ள எழுத்துகளில் ஒரு அ அல்லது ஊ இருந்தால் முதல் கட்டம் தீர்ந்தது. இதற்கு விலக்கு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மாரண்டஅள்ளி என்ற ஊர்ப்பெயரில் ஐந்தாம் கட்டத்தில் அகரம் வருகிறது. இரண்டு சொற்களைச் சேர்த்து, சந்தி செய்யாமல் எழுதுவதால் அப்படி நிற்கிறது. ஊர்ப்பெயர்ப் புதிரில் இப்படி நடுவில் உயிர் கண்டால், அந்த இடத்தில் இரண்டாவது சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் போலவே இன்னொரு அடையாளமும் உண்டு. கெ, செ, ரெ, கொ, தொ என்று குறில் எகரமும் ஒகரமும் சேர்ந்த எழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் இருக்கும். நடுவில் வந்தால் அது கூட்டுச்சொல்லாகவோ வந்த சொல்லாகவோ இருக்கும். செங்கொடியில் கொடி தொடங்கும் இடத்தில்தான் கொ வருகிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் ரெட்டி தொடங்கும் இடத்தில் ரெ. கடைசிக் கட்டத்தில் இந்த இரண்டு குறிலும் வராது.

கடைசிக் கட்டம்

சொல் புள்ளி எழுத்தில் முடிகிறது என்று தெரிந்தால் வாய்ப்புகள் எட்டாகச் சுருங்கும்: ண், ம், ன், ய், ர், ல், ழ், ள். பழைய இலக்கணம் ஞ், ந், வ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் இன்று புழங்கும் சொற்களில் அப்படி முடிபவை இல்லை. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் ஒருபோதும் சொல்லின் இறுதியில் நிற்காது. அப்படி நின்றால் அது டிக்கெட் போல வந்த சொல்.

உயிர்மெய்யில் முடிகிறது என்றால் உகரம், இகரம், ஐகாரம் மூன்றையும் முதலில் முயலுங்கள். வல்லினத்தோடு சேர்ந்த உகர ஈறு, அதாவது கு, சு, டு, து, பு, று, தமிழில் ஏராளம். அகர ஈறு பெயர்ச்சொல்லில் அரிது.

சொல் நீளமாக, ஐந்து கட்டத்துக்கு மேல் இருந்தால், கடைசி எழுத்தை மட்டும் பார்க்காமல் கடைசி இரண்டு மூன்று கட்டங்களைச் சேர்த்து யோசியுங்கள். தொழிற்பெயரும் பண்புப்பெயரும் சில வால்களோடுதான் முடியும்: ப்பு, ச்சி, ற்சி, ட்சி, மை, தல், கை, வு. கடைசிக் கட்டம் சி என்று தெரிந்தால் அதற்கு முன்னால் ச், ற், ட் மூன்றில் ஒன்று இருக்குமா என்று பாருங்கள்: வளர்ச்சி, பயிற்சி, ஆட்சி. இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் புதிர்கள் விழுந்துவிடும்.

புள்ளி எழுத்தும் அதன் அண்டை வீட்டாரும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மெய்ம்மயக்கம் என்று இலக்கணம் சொல்லும் பகுதி இது. ஒரு புள்ளி எழுத்து தனக்கு அடுத்த கட்டத்தில் யாரை அனுமதிக்கும் என்பதற்கான விதிகள்.

க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் வரிசையைத் தவிர வேறு எதையும் பக்கத்தில் விடாது. க் வந்தால் அடுத்து க வரிசை, ச் வந்தால் ச வரிசை, அவ்வளவுதான். பக்கம், எச்சம், முத்து, உப்பு. சக்தி, பக்தி, டாக்டர் என்று விலகுபவை எல்லாம் வந்த சொற்கள். ஆகவே கலைந்த எழுத்துகளில் க் இருந்தால் உடனே அதைக் க வரிசை எழுத்தோடு ஒட்டி, இரண்டையும் ஒரே துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். ட் தன் வரிசையோடும் க, ச, ப வரிசைகளோடும் சேரும்: பட்டம், வெட்கம், கட்சி, நட்பு. ற் அப்படியே: காற்று, நிற்க, முயற்சி, கற்பனை. இரண்டுமே த வரிசைக்கு முன் வராது.

மெல்லினத்தில்தான் விளையாட்டு சுவைக்கிறது. ஙகரத்துக்குக் ககரம், ஞகரத்துக்குச் சகரம், ணகரத்துக்கு டகரம், நகரத்துக்குத் தகரம், மகரத்துக்குப் பகரம், னகரத்துக்கு றகரம் என்று ஆறு இணைகள். நம் ஊர்ப்பெயர்களை வைத்தே மனத்தில் பதித்துக்கொள்ளலாம்: ஊத்தங்கரையில் ங்க, அஞ்செட்டியில் ஞ்செ, இண்டூரில் ண்டூ, சந்தூரில் ந்தூ, கம்பைநல்லூரில் ம்பை. றகர இணைக்கு மட்டும் ஊர் தேடாமல் குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இணைகளைப் பின்னாலிருந்து படித்தால் இன்னும் பயன் அதிகம். ஒரு கட்டத்தில் ட வரிசை இருந்து, அதற்கு முன் கட்டத்தில் மெல்லினப் புள்ளி இருக்கிறது என்று தெரிந்தால் அது ண் மட்டுமே. ற வரிசைக்கு முன் ன் மட்டுமே. த வரிசைக்கு முன் ந் மட்டுமே. இந்த மூன்றும் உறுதி. க, ச, ப வரிசைகளுக்கு முன்னால் ங், ஞ், ம் என்பது முதல் ஊகமாகத்தான் இருக்கலாம், ஏனென்றால் ண், ன் இரண்டும் அங்கே புகுந்துகொள்ளும்: நன்கு, மின்சாரம், பண்பு, அன்பு. பிள்ளைகள் ண், ன், ந் எது என்று குழம்பி எழுதும் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்று உறுதிகளைத் தெரிந்துகொண்டாலே மறைந்துவிடும். விளையாட்டில் இதைப் பழகிய பிள்ளை கட்டுரையிலும் பிழையின்றி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சி பெரியது.

இனி ர், ழ். இந்த இரண்டும் தம்மோடு தாம் சேராது. ர்ர, ழ்ழ என்பது தமிழில் கிடையாது. மற்ற 16 மெய்களும் இரட்டிக்கும். இன்னொரு விதியும் உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: சொல்லின் முதலில் ஒரு குறில் மட்டும் தனியாக இருந்தால், அதற்கு அடுத்து ர், ழ் என்ற புள்ளி எழுத்து வராது. அதாவது இரண்டாம் கட்டம் ர் அல்லது ழ் என்றால் முதல் கட்டம் நெடிலாகத்தான் இருக்க வேண்டும்: வேர், நீர், சேர்க்கை, கூழ், யாழ், வாழ்த்து. தமிழ், புகழ் போன்ற சொற்களில் முன்னால் இரண்டு குறில் இருப்பதால் தடையில்லை. தர்மம் என்ற வடசொல் இந்த விதியை மீறுவதால்தான் ரகரத்துக்கு ஓர் உகரம் சேர்த்துத் தருமம் என்று எழுதினார்கள். நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் தருமபுரி, தர்மபுரி என்று இரண்டும் காணக் கிடைப்பதற்குப் பின்னால் இருப்பது இந்த விதிதான்.

அடுத்தடுத்து இரண்டு புள்ளி எழுத்துகள் வருகின்றனவா? அப்படியானால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று. இரண்டாவது வல்லினமோ அதன் இனமான மெல்லினமோ ஆக இருக்கும்: வாய்க்கால், தேர்ச்சி, வாழ்க்கை, சேர்ந்து. வேறு எந்த மெய்யும் இன்றைய தமிழில் இன்னொரு புள்ளி எழுத்தைத் தனக்கு அடுத்து நிற்க விடாது. மூன்று புள்ளி சேர்ந்து வரவே வராது.

கடைசியாக ஆய்தம். அது எப்போதும் நடுவில்தான் வரும். முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லின உயிர்மெய்: எஃகு, அஃது, அஃறிணை.

மூன்று புதிர்களை அவிழ்த்துப் பார்ப்போம்

ஐந்து கட்டம், மூன்றாவது ழ், வேறு எதுவும் தெரியாது. பார்த்தால் கடினமாகத் தோன்றும். ழ் இரட்டிக்காது என்பதால் நான்காம் கட்டம் ழ வரிசை இல்லை. ழ் இன்னொரு புள்ளியை ஏற்கும், ஆகவே ழ்ச், ழ்ந், ழ்த், ழ்ப், ழ்க் என்று வைத்துப் பாருங்கள். ழ்ச் என்றால் வால் சி: மகிழ்ச்சி, நெகிழ்ச்சி, புகழ்ச்சி, இகழ்ச்சி, நிகழ்ச்சி என்று ஐந்து சொற்கள் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ழ்ந் என்றால் து: மகிழ்ந்து, தவழ்ந்து. ழ்த் என்றால் அவிழ்த்து. புதிர்களில் பெயர்ச்சொல்லே பெரும்பாலும் கேட்கப்படும் என்பதால் ச்சி வரிசையை முதலில் முயலுங்கள். உள்ளே க இருக்கிறது என்று ஒரு குறிப்புக் கிடைத்தால் மகிழ்ச்சியும் நெகிழ்ச்சியும் விலகும், ஏனென்றால் அங்கே இருப்பது கி. மிச்சம் மூன்று. தொடக்கம் உயிர் என்றால் இகழ்ச்சி மட்டுமே மிச்சம், மெய்யோடு சேர்ந்தது என்றால் இகழ்ச்சி விலகும்.

அடுத்தது கலைந்த எழுத்துகள்: ழ், கூ, ங், மா. ங் வந்தால் அடுத்து க வரிசை, ஆகவே ங்கூ என்று ஒட்டுங்கள். அந்தத் துண்டு முதலில் வர முடியாது, ழ் முதலில் வர முடியாது, ஆகவே தொடக்கம் மா. மா, ங்கூ, ழ் என்று வைத்தால் மாங்கூழ். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் கண்ணை மூடிக்கொண்டு வரும். தோதாபுரியும் அல்போன்சாவும் அங்கே ஆலைகளில் கூழாகிறது அல்லவா. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டே இராத ஒருவரும் விதியை வைத்து அதை அடைய முடியும் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது சற்றே பெரியது: டு, க், ப, டு, ட், கூ. க் தன் வரிசையை மட்டும் ஏற்கும், க வரிசையில் கையில் இருப்பது கூ ஒன்றுதான், ஆகவே க்கூ. இப்போது ட். அது ட, க, ச, ப வரிசைகளை ஏற்கும். கூ ஏற்கெனவே போய்விட்டது. ட்ப என்று வைத்தால் முதல் கட்டத்துக்கு ஆள் இல்லை, ஏனென்றால் டு முதலில் வராது. ஆகவே ட்டு. இப்போது கையில் ப, ட்டு, க்கூ, டு. முதல் கட்டம் ப. பிறகு படுக்கூட்டு, பட்டுக்கூடு என்று இரண்டு அடுக்கும் விதிக்குப் பொருந்தும். இந்த இடத்தில் விதி நின்றுவிடுகிறது, காது எடுத்துக்கொள்கிறது. பட்டுக்கூடு அங்காடி இருக்கும் தருமபுரியில் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

அரிய எழுத்துக்குக் கையிருப்பு

விதியால் பிடிக்க முடியாத சில எழுத்துகளுக்குச் சொற்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது தவிர வழியில்லை. ஞகரத்தில் தொடங்குபவை: ஞாயிறு, ஞானம், ஞாலம், ஞமலி, ஞெகிழி. யகரம்: யானை, யாழ், யாப்பு, யுகம், யூகம், யோகம். ஔகாரத்துக்கு வௌவால், மௌவல், மௌனம், கௌதாரி, பௌர்ணமி, ஔடதம். ஆய்தத்துக்கு எஃகு, அஃது, இஃது, வெஃகாமை, பஃறுளி. ழ் ஈற்றுக்கு இதழ், புகழ், தமிழ், ஊழ், கூழ், யாழ். இவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி, புதிதாகக் கிடைப்பதைச் சேர்த்துக்கொண்டே போங்கள். அச்சிட்ட பட்டியலைவிடத் தன் கையால் எழுதியது நினைவில் நிற்கும்.

அப்படியும் சிக்கவில்லை என்றால், ர-ற, ல-ள-ழ, ன-ண-ந இடங்களில் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பாருங்கள். பேச்சில் இவை கலந்துவிடுவதால் சொல் தெரிந்தும் எழுத்துத் தவறி நிற்பது உண்டு.

அகராதியில் தேடும்போது

அகரவரிசையில் புள்ளி எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும். அக்கறை என்ற சொல்லை அகடு என்ற சொல்லுக்குப் பின்னால் தேடினால் கிடைக்காது, முன்னால் இருக்கும். மெய் வரிசையின் கடைசி நான்கும் ழ, ள, ற, ன. ரகரத்துக்குப் பக்கத்தில் றகரத்தைத் தேடி ஏமாறுபவர்கள் அதிகம்.

முதல் எழுத்து தெரிந்தால் எந்த அகராதியும் உதவும். இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்தால் என்ன செய்வது? அதற்கும் முன்னோர் வழி செய்திருக்கிறார்கள். செய்யுளில் எதுகை அமைக்க இரண்டாம் எழுத்து ஒன்றிய சொற்கள் வேண்டும் அல்லவா, அதனால் வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை ஆகியவற்றோடு தொடை என்ற நான்காம் பகுதியை எதுகைக்காகவே சேர்த்தார். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எழுத்து உள்ள சொல்லைத் தேடும் நம் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பழைய நூல் எனக்குத் தெரிந்து இல்லை. அரிய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், இணையத்திலும் படிக்கலாம். ஆனால் அதில் இருக்கும் எல்லாச் சொல்லையும் ஆட்டத்தில் ஏற்றால் புதியவர்கள் சோர்ந்துபோவார்கள். பிள்ளைகளோடு ஆடும்போது தற்காலச் சொற்களுக்கான அகராதி ஒன்றை நடுவராக வையுங்கள்.

கணினியில் தேடும்போது

சொற்பட்டியல் ஒன்றை விரிதாளில் ஒட்டிவைத்து வடிகட்டுவது மிக எளிய முறை. தொடங்குவது, முடிவது, உள்ளடக்கியது என்ற மூன்று வடிகட்டிகளும் எல்லா விரிதாள் செயலியிலும் இருக்கும். ஆனால் கணினி எழுத்தை எண்ணும் விதம் வேறு என்பதை அறிந்திருக்க வேண்டும். யூனிகோடில் உயிர்மெய்க்குத் தனிக் குறியீடு இல்லை. அகரமேறிய மெய், அதன்மேல் ஒரு துணைக்குறி என்று இரண்டாகப் பதிவாகிறது. அதனால் தமிழ் என்ற மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி 5 என்று எண்ணும். தர்மபுரி என்பதை 8 என்று எண்ணும். நீளத்தை வைத்து வடிகட்டினால் தவறான சொற்கள் வந்து நிற்கும். துணைக்குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு எண்ணச் சொன்னால் சரியான கட்ட எண்ணிக்கை கிடைக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பைத்தான் மொழிக்கான ஓப்பன் தமிழ் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தலாம். ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதி அதில் இருக்கிறது.

இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு. ழ என்று தேடினால் ழ், ழி, ழு, ழை என்று அந்த வரிசை முழுவதும் அகப்படும். மெய் தெரியும், உயிர் தெரியாது என்ற நிலையில் இது நேராகக் கைகொடுக்கும். துணைக்குறியை மட்டும் தேடினால் எதிர்ப்பக்கம்: இகரம் சேர்ந்த எல்லாச் சொற்களும் வரும்.

ஒரு எச்சரிக்கை. ஔவையாரைத் தேடும்போது ஔ என்ற ஒற்றை எழுத்தோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஒளவையார் இணையம் முழுக்க இருக்கிறார். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு. அதியமானின் ஊரிலேயே ஔவை கிடைக்கவில்லை என்று வரக் கூடாது, இரண்டு விதமாகவும் தேடுங்கள். கொ, கோ, கௌ போன்றவற்றின் துணைக்குறிகளும் சில பழைய கோப்புகளில் இரண்டு துண்டாகப் பதிவாகியிருக்கும்.

சொற்சங்கிலிக்கு மட்டும் சில தந்திரங்கள்

ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்ற ஆட்டத்தில் முதல் கட்ட விதி அப்படியே ஆயுதமாகிவிடும். டு, டி, ரி, ளி, ணி, றை, னை என்று முடியும் சொல்லைக் கொடுத்தால் எதிராளிக்குத் தமிழ்ச் சொல் இல்லை. உணவு, கனவு, வரவு, செலவு என்று வு ஈற்றிலும் அதே நிலைதான். இதை அறியாதவர்கள் வகரத்தில் சொல் இருக்கும் என்று நம்பி நேரத்தை இழப்பார்கள்.

ஆனால் நம் பக்கத்து ஊர்ப்பெயர்களை வைத்து ஆடினால் இந்த விதி ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி எல்லாம் ரி. பட்டிகள் டி. பள்ளியும் அள்ளியும் ளி. பாலக்கோடு டு. அதனால் நாங்கள் ஒரு மாற்று வைத்திருக்கிறோம்: கடைசி எழுத்து முதலில் வர முடியாததானால் அதன் உயிரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், கடைசி எழுத்து புள்ளியானால் அதற்கு முந்தைய எழுத்தின் உயிர். கிருஷ்ணகிரியின் ரி இகரமாகும், அதிலிருந்து இண்டூர், அதன் டூ ஊகாரமாகும், அதிலிருந்து ஊத்தங்கரை, அங்கிருந்து ஐகாரம். அரூர், ஓசூர், பர்கூர், மத்தூர், மொரப்பூர் எல்லாமே ஊகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பதால் ஊ, ஐ இரண்டிலும் சொற்கள் கையில் இல்லாதவர் இந்த ஆட்டத்தில் நிற்க முடியாது. ஊர்ப்பெயர் தீர்ந்ததும் பொதுச்சொல்லுக்கு மாறலாம் என்று வைத்துக்கொண்டு, ஊஞ்சல், ஊக்கம், ஊதியம், ஊற்று, ஐயம், ஐப்பசி, ஐம்பது, ஐம்பொறி என்று இந்த இரண்டு எழுத்துக்கு மட்டும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.